வேலூர் வெயிலில் தேறினால்தான் வாங்குவேன்

செல்போன் மின்கலத்தின் திறனையும் ஆயுளையும் பற்றிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஓர் ஆய்வக அறையில் எடுக்கப்பட்டவை. ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறை மே மாதப் பிற்பகலில் அந்த 35ஐ எளிதாகத் தாண்டிவிடும். அக்னி நட்சத்திரத்தின்போது வேலூர் 40 டிகிரிக்கு மேல் போவதும், மறுநாள் நாளிதழில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் மேலே நிற்பதும் இங்கே வழக்கம். கடற்காற்று உள்நாடு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊரைச் சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது.

ஆகவே புதிய கருவி ஒன்றைப் பற்றி யார் எவ்வளவு புகழ்ந்து சொன்னாலும் என் மனம் கேட்கும் கேள்வி ஒன்றே: இது எங்கள் ஊர் வெயிலில் என்ன செய்யும்? அதற்கு விடை தெரியவேண்டுமானால் அளந்துதான் பார்க்கவேண்டும். எனக்குக் கருவிகள் மீது இருக்கும் ஆசையில் பாதி, அவற்றை அளப்பதில் இருக்கும் ஆசை.

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில், அதாவது டேனரியில், மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்தப் பித்து அங்கேதான் பிடித்தது. தோல் எடைக்கு விற்கும் சரக்கன்று. பதனிட்டு முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகும். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு வடிவம். கழுத்துப் பக்கம் ஒரு நீட்டல், கால் பக்கம் ஒரு வளைவு, நடுவே எங்கேயாவது ஒரு துளை. இதன் பரப்பை எப்படிக் கணக்கிடுவது? முற்காலத்தில் வரிசையாகச் சக்கரங்கள் வைத்த இயந்திரத்துக்குள் தோலை விடுவார்கள்; தோல் தொட்ட சக்கரங்கள் மட்டும் நகர்ந்து, மொத்தக் கணக்கை ஒரு முள் காட்டும். இப்போது ஒளி உணரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தோல் கடந்து போகும்போது எந்தெந்த உணரிக்கு ஒளி மறைகிறது, எவ்வளவு நேரம் மறைகிறது என்பதைக் கூட்டிப் பெருக்கி, பரப்பைத் தோலின் பின்புறத்திலேயே அச்சடித்துவிடுகிறது.

அந்த இயந்திரத்தைக் காலையில் இயக்கியதும் முதலில் தோலை விடமாட்டோம். பரப்பு முன்பே தெரிந்த ஒரு தகட்டை விடுவோம். தகட்டில் எழுதியிருக்கும் எண்ணும் இயந்திரம் காட்டும் எண்ணும் ஒத்துப்போனால்தான் அன்றைய வேலை தொடங்கும். ஒத்துப்போகவில்லை என்றால் உணரியின் மேல் படிந்த தூசியைத் துடைத்து மறுபடியும் விடுவோம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நிற்கும் நியாயம் அந்தத் தகடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எது உறுதியாகத் தெரியுமோ, அதைக் கொடுத்துக் கேள் தம்பி. அதற்குச் சரியாகப் பதில் சொன்னால், தெரியாததைக் கேட்கலாம்.”

வீட்டு மேஜையிலும் அதையே செய்கிறேன். என்னிடம் இருப்பவை பெரிய விலைக் கருவிகள் அல்ல. ஒரு மல்ட்டிமீட்டர், சார்ஜருக்கும் போனுக்கும் நடுவே செருகும் யூ.எஸ்.பி. மீட்டர், சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர், துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் வெப்பமானிகளுக்குத் தேர்வு வைப்பவள். நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரி. கொதிக்கும் தண்ணீர், கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் வேலூரில், 99 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு முனையும் சரியாக இருந்தால் நடுவில் காட்டுவதை நம்பலாம். இயற்கை இலவசமாகக் கொடுத்திருக்கும் தகடு இது.

அகச்சிவப்பு வெப்பமானி வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். பளபளப்பான உலோகத்தின் மேல் அது பொய் சொல்லும். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் நீர் இருக்கும்போது வெளிச்சுவரை நோக்கி அழுத்திப் பாருங்கள். நம்பமுடியாத அளவுக்குக் குறைவான எண் வரும். பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக விடுவது குறைவு. அறையின் வெப்பத்தைத்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப் சூடேறியதும் அதன் மேல் அளந்தால் உண்மை வெளியே வரும்.

இப்படித்தான் போனை அளந்தேன். தடித்த ரப்பர் உறையுடன், மெத்தையின் மேல் வைத்து வேகமாகச் சார்ஜ் ஏற்றியபோது, உறையைக் கழற்றிய உடனே பின்புறம் 45 டிகிரி. அதே போன், அதே சார்ஜர், அதே பிற்பகல். உறை இல்லாமல், மொசைக் தரையில், மின்விசிறிக்குக் கீழே வைத்தபோது 39. லித்தியம் அயனி மின்கலத்தைச் சீக்கிரம் கிழடாக்குபவை இரண்டு: சூடும், முழுக் கொள்ளளவில் நெடுநேரம் நிறுத்திவைப்பதும். இரவெல்லாம் 100 சதவீதத்தில், தலையணைக்கு அடியில், மே மாதத்தில் வைப்பதென்றால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது 80 சதவீத வரம்பு வைத்துவிட்டோம். புதிய போன்கள் பலவற்றில் அந்த வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. கம்பியில்லாச் சார்ஜரை நான் வேலூரில் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காந்தப்புலம் வழியே தாண்டும் ஆற்றலில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிவிடும். அந்த வெப்பம் போய்ச் சேரும் இடம் போனின் முதுகு. ஏர்பவர் என்று ஒரு கம்பியில்லாச் சார்ஜ் பலகையை 2017இல் அறிவித்த ஆப்பிள், தங்கள் தரத்தை அது எட்டவில்லை என்று சொல்லி 2019இல் கைவிட்டது. பிடிவாதம் பிடித்து விற்றுவிடாமல் நிறுத்தியதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான்.

சனவரி வந்தால் லாஸ் வேகாஸ் நகரில் சி.இ.எஸ். என்ற நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி. 1967இல் நியூயார்க்கில் தொடங்கியது. வீடியோ கேசட் ரெக்கார்டர், சி.டி. பிளேயர் எல்லாம் அங்கே மேடை ஏறியவைதான். நேரில் போகும் வசதி எனக்கில்லை, நேரலையில் பார்க்கிறேன். அங்கே மாலை 6.30 என்றால் இங்கே மறுநாள் காலை 8. இட்லித் தட்டோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். 2019இல் எல்.ஜி. நிறுவனம் அங்கே காட்டிய 65 அங்குலத் தொலைக்காட்சியை நான் மறக்கவில்லை. பாய் மாதிரிச் சுருண்டு ஒரு பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு தென்கொரியாவில் 10 கோடி வோன் விலையில் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கப்போவதில்லை என்பது தெரிந்தும், திரையை அத்தனை மெல்லியதாக்கி, சுருட்டியும் உயிரோடு வைத்திருக்கிறார்களே என்று எழுந்து நின்று பார்த்தேன். மனிதர்களின் கைத்திறனைப் பார்த்து மகிழ்வதற்கு வாங்கும் சக்தி தேவையில்லை.

ஆனால் எனக்கு உண்மையான திருவிழா நந்தம்பாக்கத்தில் நடக்கும் பன்னாட்டுத் தோல் கண்காட்சி. சென்னை வர்த்தக மையத்தில் சனவரி கடைசியையோ பிப்ரவரி தொடக்கத்தையோ ஒட்டி நடக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வடாற்காடே அங்கே கூடியிருக்கும். முதலாளிமார்கள் தோல் மாதிரிகளையும் காலணி வடிவங்களையும் பார்க்கப் போவார்கள். நான் நேரே இயந்திரக் கூடத்துக்குப் போய்விடுவேன்.

அங்கே என்னை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பது தானியங்கித் தோல் வெட்டும் மேஜை. ஒரு தோலை மேஜையில் விரிக்கிறார்கள். கீழே காற்றை உறிஞ்சும் துளைகள் தோலை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. மேலே இருக்கும் கேமரா தோலின் ஓரத்தைப் படம் பிடிக்கிறது. முள் கீறியது, உண்ணி கடித்தது, சூட்டுக்கோல் தழும்பு என்று குறைகளை அனுபவமுள்ள ஒருவர் குறித்துக்கொடுக்கிறார். அதன் பிறகு கணினி, குறைகளைத் தவிர்த்துவிட்டு, காலணியின் எந்தத் துண்டை எந்தக் கோணத்தில் எங்கே வைத்தால் தோல் குறைவாக வீணாகும் என்று கணக்குப் போடுகிறது. ப்ரொஜெக்டர் அந்தத் துண்டுகளின் கோட்டைத் தோல்மேல் ஒளியாக விரிக்கிறது. சரி என்றதும் மேலும் கீழும் அதிரும் கத்தி ஓடத் தொடங்கிவிடும்.

காட்சி முடிந்ததும் கூட்டம் அடுத்த அரங்குக்கு நகரும். நான் நிற்பேன். விற்பனைப் பிரதிநிதியிடம் என் கேள்விகள் வேறு: கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்விசிறிக்கு வடிகட்டி உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்கவேண்டும்? சுற்றுப்புற வெப்பம் எவ்வளவு வரை ஏற்கும்? மின்னழுத்தம் எவ்வளவு இறங்கினால் நின்றுவிடும். நின்றால் பாதி வெட்டிய தோல் என்னாகும்? நல்ல நிறுவனத்தின் ஆள் இந்தக் கேள்வி வந்ததும் உள்ளே போய்ப் பொறியாளரையே அழைத்துவருவார். இத்தாலிக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்தே காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இத்தாலி மொழி தெரியாது, இரண்டு பேரும் விரலால் மின்விசிறியைச் சுட்டிச் சுட்டிப் பேசிக்கொண்டோம். என் கண்காட்சி நினைவுகளில் அது முதன்மையானது. வெறும் கையேட்டைக் கொடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்கள் இயந்திரத்தைப் பற்றி எங்கள் முதலாளியிடம் நான் எதுவும் நல்லதாகச் சொல்வதில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு விஷயத்தில் காட்பாடிக்காரர்களுக்கு நல்யோகம். ஜங்ஷனில் ஒரு பக்கம் ஏறினால் சென்னை ரிச்சி தெரு. மறுபக்கம் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் ரயில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது காட்பாடியிலும் நின்றது. நானும் பார்க்கப் போயிருந்தேன். ஆனால் கன்டென்சர் போன்ற மின்னணு உதிரிப் பாகம் வாங்கப் போகிறவனுக்கு சாதாரண விரைவு ரயிலின் இரண்டாம் வகுப்பே போதும். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் வெளியேறினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்.

ரிச்சி தெரு என்று சொன்னாலும் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. லேப்டாப், கேமரா விற்கும் பெரிய கடைகளை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். உதிரிப் பாகங்களை எடை போட்டும் எண்ணியும் தரும் சின்னக் கடைகள்தான் என் இடம். நான் தவறாமல் வாங்குவது 105 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்ட எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்கள். 85 டிகிரிக்காரனும் அதே அளவில், கொஞ்சம் குறைந்த விலையில் கிடைப்பான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயுளில் தெரியும். வேலை செய்யும் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கன்டென்சரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: குளிர்ந்த ஊரில் பல ஆண்டு எரியும் எல்.இ.டி. பல்பு, எங்கள் மொட்டை மாடி அறையின் மூடிய விளக்குக் கிண்ணத்துக்குள் ஏன் சீக்கிரம் விட்டுவிட்டு மின்னத் தொடங்குகிறது என்பது விளங்கும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்.இ.டி. நன்றாகத்தான் இருக்கும், அதை ஓட்டும் சிறு பலகையில் கன்டென்சர் உப்பியிருக்கும். சில ரூபாய் கன்டென்சரை மாற்றினால் பல்பு மீண்டும் எரியும்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று தெருவில் யார் சொன்னாலும் முதலில் கன்டென்சரைத்தான் பார்க்கிறேன். வீட்டு மின்விசிறியில் வழக்கமாக இருப்பது 2.5 மைக்ரோ ஃபாரட். எதிர்வீட்டு அக்காவின் மின்விசிறியில் இருந்ததை அளந்தபோது 1.4 காட்டியது. மோட்டாரையே மாற்றவேண்டும் என்று அவரிடம் ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்விட்சை அணைத்து, மெயினையும் இறக்கி, புதியதைப் போட்டுக் கொடுத்தேன். அன்றிரவு அவருடைய மாமியார் நன்றாகத் தூங்கினார் என்று மறுநாள் காபி வந்தது.

மின்விசிறியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. வேலூரில் மின்விசிறி என்பது கருவிகளிலெல்லாம் முதன்மையானது. பழைய வகை 75 வாட் அளவுக்கு இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புது வகை முழு வேகத்தில் 30 வாட்டைச் சுற்றி நிற்கும். சுவர் பிளக் வாட் மீட்டரில் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தேன். பெட்டியில் போட்டிருப்பது உண்மைதான். வேறுபாடு 45 வாட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத மின் கணக்கில் ஒரு மின்விசிறிக்கு மட்டும் ஏறக்குறைய 43 யூனிட் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் நம் மாநிலத்தில், மூன்று மின்விசிறி உள்ள வீட்டுக்கு இந்த மிச்சம் கட்டண அடுக்கையே மாற்றிவிடும். 2023 சனவரியிலிருந்து மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். கடையில் இறக்கையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த முத்திரையைப் பாருங்கள். மின்சாரம் போய் இன்வர்ட்டரில் ஓடும்போதும் பி.எல்.டி.சி. மின்விசிறி அதே பேட்டரியில் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஊரில் யாராவது புதுப் போனுக்குப் பணம் சேர்க்கிறேன் என்று ஆலோசனை கேட்டால், முதலில் அப்பா அம்மா தூங்கும் அறையின் மின்விசிறியை மாற்று என்கிறேன்.

பவர் பேங்க் விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பது உள்ளே இருக்கும் செல்களின் கணக்கு. அவற்றின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். பெருக்கினால் 74 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது, இழப்பே இல்லாவிட்டாலும் 14,800தான் கிடைக்கும். மாற்றத்தில் போகும் வெப்பத்தையும் கழித்தால் 12,000, 13,000 என்று வந்தாலே நல்ல சரக்கு. பெட்டியில் சின்ன எழுத்தில் இந்த 5 வோல்ட் கணக்கைப் போடும் நிறுவனங்கள் நேர்மையானவை. விமானத்தில் கைப்பையில் 100 வாட்-மணி வரை வழக்கமாக அனுமதிப்பார்கள். சார்ஜர், பவர் பேங்க் இரண்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று தெரிந்துவிடும். கடைக்காரரின் கண் முன்னாலேயே பார்க்கலாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இதே பழக்கம் வேண்டும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

என் தம்பி முறை உறவினர் இணையக் கடை ஒன்றில் ‘2 டி.பி. பென் டிரைவ்’ என்று அறுநூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தார். செருகினால் கணினியும் 2 டி.பி. என்றே காட்டுகிறது. அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை அப்படிப் பொய் சொல்லும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். உண்மையில் இருக்கும் இடம் நிரம்பியதும், அடுத்து எழுதுவது பழையதன் மேலேயே போய் விழும். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், படம் திறக்காது. அவர் தன் திருமணப் படங்களை அதில் போட்டுவைக்க இருந்தார். எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் முழு இடத்தையும் எழுதி, மறுபடியும் படித்து, ஒப்பிட்டுச் சொல்லிவிடும். மேஸ்திரியின் தகடுதான் இதுவும். ஓட்டிப் பார்த்தோம், 30 ஜி.பி.கூடத் தேறவில்லை. திருப்பி அனுப்பிப் பணம் வாங்கிக்கொண்டார். திருமணப் படங்கள் தப்பின. வாழ்க்கையில் ஒருமுறை எடுக்கும் படத்தை நம்பி வைக்கும் பொருளை இப்படிச் செய்து விற்கிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சனிக்கிழமை மாலைகளில் காந்தி ரோட்டில் இருப்பேன். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: லாட்ஜுகள், மருந்துக்கடைகள், பெயர்ப் பலகைகளில் தமிழோடு வங்க எழுத்து. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளியை அழைத்துக்கொண்டு வந்து, வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, தாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். அங்கே என் நண்பர் ஒரு சிறு எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறார். எக்ஸ்டென்ஷன் பெட்டி, கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு, சார்ஜர், பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி. நண்பர் வங்க மொழியைக் கடையிலேயே கற்றுக்கொண்டவர். நான் அவருக்குச் சரக்கைச் சோதித்துக் கொடுக்கிறேன்.

கருவிகளை நேசிக்கிற எவரும் அந்தக் கடையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கவேண்டும். அங்கே யாரும் பொழுதுபோக்குக்கு வாங்குவதில்லை. ஆக்சிமீட்டரைக் கையில் வாங்கும் மகனின் விரல் நடுங்கும். அந்தச் சின்னக் கவ்வியின் உள்ளே இரண்டு ஒளிகள் இருக்கின்றன: 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு, 940 அளவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏந்திய இரத்தமும் ஏந்தாத இரத்தமும் இந்த இரண்டையும் வேறு வேறு விகிதத்தில் விழுங்குகின்றன. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டால் தமனி இரத்தத்தின் நிலை தெரியும் என்று கண்டுபிடித்தவர் ஜப்பானின் தக்குவோ அயோயாகி, 1970களின் தொடக்கத்தில். ஊசி குத்தாமல் இரத்தத்தைப் படிக்கும் வழி! மனிதர் செய்த கருவிகளில் எனக்குப் பிடித்த ஐந்தைச் சொல் என்றால் இதைச் சேர்ப்பேன்.

அதன் குறைகளையும் சொல்லித்தான் கொடுக்கிறோம். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி இருந்தால் வேறு விரலில் போடுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். போட்டவுடன் வரும் எண்ணைப் பார்த்துப் பதறாமல், எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் மக்களுக்கு இது முக்கியமான செய்தி. எண் நன்றாக இருக்கிறது, ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் நோயாளியை நம்புங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள் என்று நண்பர் ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். வங்க மொழியில் அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

பி.பி. கருவிக்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோம். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஆகவே மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்த பிறகுதான் பெட்டியை எடுப்பார் நண்பர். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் படவேண்டும், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும், பேசக்கூடாது. மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், மூன்றாம் மாடி அறையிலிருந்து இறங்கி வந்தவுடன் அளந்து, எண்ணைக் கண்டு மிரண்டுபோனார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மேசை விசிறியைத் திருப்பிவைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அளந்தபோது நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு எண்ணையும் தாளில் நேரத்தோடு எழுதி, மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினோம். அந்தப் பெரியவர் ஊர் திரும்பும்போது கடைக்கு வந்து நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காவலூரைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய வடாற்காட்டில் ஜவ்வாது மலைமேல் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் செயல்பாட்டுக்கு வந்த அதன் பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது, அதன் கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். மகளை அழைத்துப்போய்க் காட்டினேன். அங்கேயும் வெப்பம்தான் பேச்சு. கண்ணாடி சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் மேல் காற்று அலைபாய்ந்து விண்மீனின் உருவம் கலங்கிவிடும். அதனால் பகல் சூடு உள்ளே தங்காதபடி பார்த்துக்கொள்வது எந்தப் பெரிய தொலைநோக்கிக்கும் அடிப்படை. வெப்பத்தோடு மல்லுக்கட்டுவது மேல்விஷாரத்துக்கும் விண்மீனுக்கும் பொது என்று தெரிந்த அன்று மகள் நெடுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

இப்போது என் மேஜையில் ஒரு புதிய வேலை. எங்கள் வீட்டு இன்வர்ட்டரில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. ஈய-அமில வகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் இதன் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் சொல்லும் கணக்கு. காய்ச்சி வடித்த நீரை வெயில் காலத்தில் அடிக்கடி ஊற்றவேண்டியிருக்கிறது. அதற்கு மாற்றாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வரத் தொடங்கிவிட்டன. செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, விலை கூடுதல். வெப்பத்தை அது எவ்வளவு தாங்கும் என்று விற்பவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நண்பர் கடைக்கு ஒன்று வரவழைத்திருக்கிறோம். பழையதையும் புதியதையும் மாடிப்படிக்குக் கீழே, ஒரே சுவர் ஓரத்தில், அருகருகே வைத்து, இரண்டிலும் கறுப்பு டேப் ஒட்டி, ஒரே அளவு சுமை கொடுத்துச் சித்திரை முழுக்க ஓட்டப்போகிறேன். காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளையும் எண்களை எழுதுவது மகளின் பொறுப்பு. கட்டம் போட்ட நோட்டும் வாங்கியாகிவிட்டது. வந்த எண்களை ஆனியில் அப்படியே இங்கே போடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே இன்வர்ட்டர் வைத்திருக்கும் வேலூர்க்காரர்கள் யாராவது இதே வேலையைச் செய்து பார்த்தால், அந்த இடத்தில் பிற்பகல் 3 மணிக்கு எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். கொசப்பேட்டை ஓட்டு வீடும் சத்துவாச்சாரி மொட்டை மாடி வீடும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று எனக்குத் தெரியவேண்டும்.